கனவில் எனக்குப் பிள்ளைகளே இல்லை. அங்கே இருப்பது யார்?

ஓவர்லாக் அக்கா

இங்கே இரண்டு வருடமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. போனில் பேசி எழுத்தாக்குகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 51. திருப்பூரில் 26 வருடமாகப் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் (துணி ஓரம் அடிக்கிற தையல் மிஷின்) ஓட்டுகிறேன். பெண்ணைப் பல்லடத்தில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. பையன் டிப்ளமோ முடித்துவிட்டு சூலூர்ப் பக்கம் வேலையில் இருக்கிறான். வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் இருந்தார், மூச்சுத் தொந்தரவு வந்தபிறகு ஒரு குடோனில் வாட்ச்மேன். இந்தக் கதையெல்லாம் எதற்கு என்றால், என் கனவில் இதில் ஒன்றுகூடக் கிடையாது.

கனவில் நான் கோவில்பட்டிப் பக்கத்தில் எங்கள் ஊரில், பழைய ஓட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பேன். அந்த வீட்டை 2009-இல் தம்பி இடித்துவிட்டு மாடி வைத்துக் கட்டினான். புது வீட்டில் எத்தனையோ பொங்கலுக்குப் போய்ப் படுத்து எழுந்திருக்கிறேன், ஒரு நாளும் அது கனவில் வந்ததில்லை. வருவது இடித்த வீடுதான். மெழுகின திண்ணையின் ஈரம் பாவாடையில் ஒட்டுவதுவரை அப்படியே இருக்கும். எதிரே அம்மா. அவள் 2014-இல் போய்ச் சேர்ந்துவிட்டாள். கனவில் அந்த நினைப்பு எனக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. செத்துப்போனவள் எதிரே உட்கார்ந்து பசை கிண்டுகிறாள், எனக்குத் திகைப்பும் இல்லை, சந்தோஷமும் இல்லை. அம்மா எதிரே இருப்பாள்தானே என்கிற மாதிரி இருக்கும்.

வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை வந்தார், டவுன் பஸ் கண்டக்டராக. மீதி 25 பைசா தரவில்லை என்று அவரிடம் சண்டை போட்டேன். யாரோ ஒரு ஆள் என்றுதான் நினைத்தேன். விழித்துப் பார்த்தால் அந்த ஆள் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார்.

சரி, கேட்க வந்தது இதுதான். இரண்டு மாதம் முன்பு பெண்ணுக்குப் பிரசவம். ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். இரண்டாவது ராத்திரி, விடிகாலை நாலு மணி இருக்கும். நான் திண்ணையில் இருந்தேன். ஒரு குரோஸ் ஒட்டி முடித்து எண்ணிக்கொண்டிருந்தேன் (144 பெட்டி ஒரு குரோஸ், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்). அப்போது நர்ஸ் வந்து என் பெண்ணின் பெயரைச் சொல்லி, "அவங்கம்மா யாரு, அவங்கம்மா யாரு" என்று கத்தினாள். காதில் நன்றாக விழுந்தது. கண்கூடத் திறந்துவிட்டேன். ஆனால் "யாரோ ஒருத்தியின் அம்மாவைத் தேடுகிறார்கள், பாவம்" என்றுதான் நினைத்தேன். நான் எழுந்திருக்கவில்லை. என் பெண் உள்ளே வலியில் கிடக்கிறாள், அவள் பெயர் என் காதில் விழுகிறது, அது யார் என்றே எனக்குத் தெரியவில்லை.

எனக்கு இடது ஆள்காட்டி விரல் நகம் இரண்டாகப் பிளந்திருக்கும். 2006-இல் ஊசி நகத்துக்குள் ஏறி அடியில் வந்துவிட்டது. அன்றைக்குத் துணி சுற்றிவிட்டு ஷிப்ட் முடிக்கச் சொன்னார்கள், அது வேறு கதை. அந்தப் பிளவில் கட்டைவிரல் தானாகப் போய்த் தடவும், எனக்கு அது பழக்கம். வராந்தாவிலும் தடவியது. தடவியதும் திருப்பூர், வீட்டுக்காரர், பிள்ளைகள், பிரசவம் எல்லாம் சடசடவென்று வந்து விழுந்தது. எழுந்து ஓடினேன். பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ. நன்றாக இருக்கிறது.

ஆனால் அந்தப் பத்துப் பதினைந்து நொடி என்னை விடமாட்டேன் என்கிறது. நாத்தனாரிடம் சொன்னேன். "உன் மனசு பிள்ளைகமேல ஒட்டவே இல்லபோல" என்றாள். அவள் சொன்னதற்காக அழவில்லை, ஆனால் கேட்டதிலிருந்து பாரமாக இருக்கிறது. கனவில் நான் நிம்மதியாக வேறு இருக்கிறேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இன்னொன்று. எல்லாம் மாறினாலும் ஒன்று மாறுவதில்லை. கணக்கில் ஒரு பைசா குறைந்தால் கனவிலும் விடமாட்டேன், கம்பெனியிலும் விடமாட்டேன். அப்படியானால் அது நான்தானே? நான்தான் என்றால் பெற்ற பிள்ளை எப்படி மறக்கும்?

ராத்திரி டெக்னீசியன்

அக்கா, நான் கோயமுத்தூரில் ஒரு மருத்துவமனையில் தூக்கப் பரிசோதனை அறையில் இருக்கிறேன். அடுத்தவர் தூங்குவதைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம். தலையில், கண்ணோரத்தில், தாடையில், காலில் வயர் ஒட்டுவேன். பாதிப் பேர் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு வருவார்கள், அதைத் துடைப்பதிலேயே அரை மணி நேரம் போய்விடும்.

உங்களை நர்ஸ் எழுப்பிய நேரத்தைச் சொன்னதும் எனக்குப் பாதி புரிந்துவிட்டது. கனவு அடர்த்தியாக வருகிற தூக்கம் ஒன்று உண்டு, ரெம் என்போம். ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு முறை வரும். முன்னிரவில் சில நிமிடம்தான் இருக்கும், விடிய விடிய நீளும். நாலு மணி என்பது அதன் உச்சம் மாதிரி. எங்கள் திரையில் 30 நொடிக்கு ஒரு பக்கமாக ஓடும். ரெம் வந்தால் உடனே தெரியும். மூளை அலை விழித்திருப்பவருடையது மாதிரி இருக்கும், கண் வெட்டி வெட்டி நகரும், தாடை வயர் மட்டும் அடித்துப்போட்ட மாதிரி ஒரே கோடாகக் கிடக்கும். உடம்பைக் கட்டிப்போட்டுவிட்டு மூளை ஓடுகிறது. (அந்தக் கட்டு அவிழ்ந்தவர்களும் உண்டு. கனவில் அடிக்கிற அடி பக்கத்தில் படுத்திருப்பவர்மேல் விழும். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் நரம்பு மருத்துவரிடம் காட்டுங்கள், சிரித்துவிட்டு விடாதீர்கள்.)

இதை 1953-இல் சிகாகோவில் யூஜீன் ஆசெரின்ஸ்கியும் அவருடைய பேராசிரியர் நதானியேல் க்ளைட்மனும் எழுதினார்கள். ஆசெரின்ஸ்கி வயர் ஒட்டிப் பார்த்தவர்களில் அவருடைய எட்டு வயது மகனும் உண்டு. இந்த வேலைக்கு வந்த புதிதில் நானும் என் தங்கையை உட்காரவைத்துத்தான் ஒட்டிப் பழகினேன்.

அப்புறம் 1990-களின் நடுவில், ரெம் தூக்கத்தில் மூளையில் ரத்தம் எங்கே அதிகம் ஓடுகிறது என்று பெட் ஸ்கேனில் பார்த்தார்கள். பயம், கோபம், பாசம் எல்லாம் கிளம்புகிற உள்பகுதி விழித்திருக்கும்போது இருப்பதைவிடச் சூடாக இருந்தது. நெற்றிக்குப் பின்னால் இரண்டு பக்கவாட்டுப் பகுதி அடங்கிக் கிடந்தது. "இது எப்படி நடக்கும், இவள் செத்துவிட்டாளே, இன்று என்ன தேதி" என்று கேள்வி கேட்கிற வேலையில் பெரும்பங்கு அந்தப் பகுதிக்குத்தான். அதோடு, புதிதாக நடந்ததை நினைவில் பதிய வைக்க உதவுகிற நார்அட்ரினலின் சுரப்பும் ரெம்மில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது.

இதை உங்கள் கணக்குச் சண்டையோடு வைத்துப் பாருங்கள். ஒரு பைசா விடமாட்டேன் என்கிற கோபம் கனவில் முழுசாக இருக்கிறது. யாரிடம் சண்டை போடுகிறோம், அந்த ஆள் நமக்கு என்ன வேண்டும் என்று சரிபார்க்கிற ஆள்தான் லீவு.

விழிக்கும்போதும் எல்லாம் ஒரே நேரத்தில் வேலைக்கு வந்துவிடுவதில்லை. அடியில் இருக்கிற மூளைத்தண்டு முந்திக்கொள்ளும், நெற்றிப்பக்கம் மெதுவாக வரும். கண் திறந்திருக்கும், காது கேட்கும், பெயருக்கு மட்டும் அர்த்தம் வராது. உங்களுக்கு அந்தப் பதினைந்து நொடியில் நடந்தது அதுதான். நாத்தனாரிடம் சொல்லுங்கள், பாசம் இருக்கிற பகுதி தூங்கவே இல்லை என்று.

நான் கவனித்த ஒன்றையும் சொல்கிறேன். நடுராத்திரி வயர் கழன்றுவிட்டது என்று எழுப்பினால் பலரும் கேட்பது "நான் எங்க இருக்கேன்?" என்றுதான். "நான் யாரு?" என்று இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

மூக்குப்பொடி

ராத்திரி எட்டு மணிக்கு மேல் புளிச்சோறு சாப்பிடாதீர்கள். கனவும் வராது, கேள்வியும் வராது.

வகுப்பு முடிந்த வாத்தியார்

மேலே ஒருவர் புளிச்சோற்றோடு முடித்துவிட்டார். என்னால் அவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வராது.

அம்மா, நான் மயிலாடுதுறைக்காரன், பள்ளி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். வாரக் கடைசியில் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் அந்த வகுப்பில் நாங்கள் முட்டிக்கொண்டு நின்ற இடம்தான் ஞாபகம் வந்தது.

13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதம் மொத்தமே 12 நூற்பா. மூன்றாவதில் உடம்பு வேறு, நான் வேறு என்பதற்குக் காரணம் அடுக்குகிறார். "எனதுடல் என்றலின்" என்பது அதில் ஒன்று. என் வீடு, என் சட்டை என்கிற மாதிரி என் உடம்பு என்றும் சொல்கிறோம், அப்படிச் சொல்கிறவன் உடம்பாக இருக்க முடியாது என்கிறார். அடுத்த நூற்பாவில் ஐந்து அவத்தை, அதாவது உயிரின் ஐந்து நிலை, வருகிறது: நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம். அதற்கு ஓர் அரசனையும் அவன் மந்திரிகளையும் உவமை சொல்கிறார். அரசன் உலா முடிந்து அரண்மனைக்குள் போகிறான், ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் பேரை நிறுத்திவிட்டு உள்ளே உள்ளே போகிறான் என்று அதை விரித்துச் சொல்வார்கள்.

சித்தாந்தத்தில் இதற்குக் கணக்கே உண்டு. நனவில் உயிரோடு 35 கருவிகள். கனவில் 25. வாசலில் நின்றுவிட்ட பத்து எவை என்றால், கண், காது முதலான அறிகருவி ஐந்தும், கை, கால் முதலான தொழிற்கருவி ஐந்தும். டெக்னீசியன் தம்பி தாடை வயர் கோடாகிவிடும் என்று எழுதியதைப் படித்தபோது இந்தப் பத்துதான் நினைவுக்கு வந்தது. இதைச் சொல்லி "பார், எல்லாம் நம் முன்னோர் கண்டதே" என்று மார்தட்ட எனக்கு விருப்பமில்லை. அவர்கள் பார்த்தது வேறு காரியத்துக்காக.

எனக்கு இடிக்கிற இடம் இது. மிஞ்சிய 25-இல் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் நான்கும் உண்டு. "நான்" என்று எழுகிற அகங்காரம் கனவிலும் கூடவே வருகிறது, அதனால்தான் திண்ணையில் இருப்பவள் நீங்கள்தான் என்பதில் உங்களுக்குச் சந்தேகம் வருவதில்லை. ஆனால் தீர்மானிக்கிற புத்தியும் கூடவேதானே இருக்கிறது? பிறகு ஏன் "அம்மா இறந்துவிட்டாளே" என்று அது சொல்லவில்லை? வகுப்பில் இதைக் கேட்டேன். அருகில் உட்காரும் நண்பர், கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர், சொன்னார்: "ஜட்ஜ் உள்ளேதான் இருக்கிறார். சாட்சி எல்லாரையும் வாசலில் நிறுத்திவிட்டால் அவர் என்ன செய்வார்? ஒரு தரப்பு சொல்வதைக் கேட்டுத் தீர்ப்பு எழுதுவார்." ஆசிரியர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு இன்னமும் அது பிடித்திருக்கிறது.

கனவு கடந்த உறக்கத்தில் மூன்றே மூன்றுதான் மிச்சம்: சித்தம், பிராணன் (மூச்சு), புருடன் (அனுபவிக்கிற உயிர்). அங்கே அகங்காரமும் கழன்றுவிடும். அந்த நேரத்தில் உங்களுக்குப் பிள்ளையும் இல்லை, திண்ணையும் இல்லை, நீங்கள் என்று சொல்லிக்கொள்ளவும் ஆளில்லை. அதற்காக யாரும் குற்ற உணர்வு கொள்வதில்லையே.

நிம்மதி உறுத்துகிறது என்றீர்கள். வள்ளுவர் "கனவுநிலை உரைத்தல்" என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். அதில் 1216-ஆம் குறளில் ஒரு பெண், நனவு என்று ஒன்று இல்லாமல் இருந்தால் கனவில் வந்தவர் பிரியவே மாட்டாரே என்கிறாள். நனவே வேண்டாம் என்கிற அளவுக்கு! அவளை வள்ளுவர் கண்டிக்கவில்லை. உங்கள் நாத்தனார் வள்ளுவரைவிடக் கண்டிப்பு.

ஒலி வழி

நான் இதைத் திரைவாசிப்பான் வைத்துத்தான் படிக்கிறேன், எழுதுகிறேன். 44 வயது, மதுரை. கண்நீர் அழுத்த நோயில் 24 வயதில் இரண்டு கண்ணும் போய்விட்டது. எனக்குச் சித்தாந்தம் தெரியாது, ஆனால் கனவில் நான் யார் என்பதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் இருக்கிறது.

கனவில் எனக்குப் பார்வை உண்டு. பெரியார் பஸ் ஸ்டாண்டில் நின்று பஸ் போர்டு படிப்பேன். "அட, தெரிகிறதே" என்ற ஆச்சரியம் ஒரு நாளும் வந்ததில்லை, அக்காவுக்கு அம்மாவைப் பார்த்து வராத மாதிரி. ஆரம்பத்தில் விழித்ததும்தான் கொடுமை. கண்ணைத் திறந்துவிட்டேன், இன்னும் ஏன் இருட்டாக இருக்கிறது, கரண்ட் போய்விட்டதா என்று சுவிட்சைத் தேடியிருக்கிறேன். கை சுவிட்சைப் போட்டு, மேலே ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் ஞாபகம் வரும். உங்கள் நகப் பிளவு மாதிரி எனக்கு அந்த ஃபேன் சத்தம்.

பார்வை போய் ஏழெட்டு வருடம்வரை கனவில் என்னிடம் கைத்தடியே கிடையாது. அப்புறம் வந்தது. எப்படித் தெரியுமா? எல்லாம் நன்றாகத் தெரிகிறது, தெருவில் எருமை நிற்பதுகூடத் தெரிகிறது, இருந்தும் நான் தடியைத் தட்டிக்கொண்டே போகிறேன். எருமையைச் சுற்றிக்கொண்டு போகாமல் தடியால் தொட்டுப் பார்க்கிறேன்! விழித்து வெகுநேரம் சிரித்தேன்.

கல்யாணம் 2011-இல். மனைவியை நான் பார்த்ததே இல்லை. கனவில் அவளுக்கு முகம் உண்டு. ஆனால் விழித்ததும் அந்த முகத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் அகப்படாது. மூக்கு எப்படி, நெற்றி எப்படி என்றால் சொல்லத் தெரியாது. அவள் மட்டும் விடமாட்டாள், "நேத்து நான் வந்தேனா? எப்படி இருந்தேன்?" என்பாள். பல வருடம் "நல்லா இருந்தே" என்று சமாளித்தேன். இப்போது உண்மையைச் சொல்கிறேன்: முகத்தைப் பார்த்து அவளை அடையாளம் கண்டதில்லை, அவள்தான் என்று முதலில் தெரிந்துவிடுகிறது, அதற்கப்புறம்தான் முகம் வருகிறது.

என் நண்பர் ஒருவர் பிறவியிலேயே பார்வையற்றவர். அவர் கனவில் படமே கிடையாது. சத்தம், தொடுகை, வாசனை, தரையின் சாய்வு இவைதான். கெட்ட கனவு என்றால் தடி இல்லாமல் நிற்பது, முன்னால் சாக்கடை ஓடுகிற சத்தம் மட்டும் கேட்பது. ஐந்து வயதுக்கு முன்பே பார்வை போனவர்களுக்கும் பெரும்பாலும் அப்படித்தான் என்பார்கள். எனக்கு 24 வருடச் சரக்கு உள்ளே இருக்கிறது, இன்னும் ஓடுகிறது.

அக்கா, கைத்தடி வர எனக்கு இத்தனை வருடம் ஆனது. உங்கள் பிள்ளைகளும் வருவார்கள்.

ஓவர்லாக் அக்கா

தம்பி, என் மகளுக்கு 26 வயது ஆச்சு. இதற்குமேல் எப்போது வருவாள்! ஆனால் அந்த எருமையைப் படித்துவிட்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் தனியாகச் சிரித்தேன், பேட்லாக் மிஷின் அடிக்கிற பொண்ணு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

டெக்னீசியன் தம்பி சொன்னது எனக்குக் கம்பெனியில் கரண்ட் போய் வருகிற மாதிரி புரிந்தது. ஜெனரேட்டர் போட்டதும் லைட் வந்துவிடும், ஆள் எல்லாம் மிஷினில் உட்கார்ந்திருப்பார்கள், ஆனால் எந்த ஆர்டர், எந்த சைஸ் ஓடிக்கொண்டிருந்தது என்று ஒரு நிமிடம் யாருக்கும் ஞாபகம் வராது. பண்டலைத் திருப்பி டிக்கெட்டைப் பார்த்தால்தான் தெரியும். என் நகம் அந்த டிக்கெட் போல.

வாத்தியார் ஐயா, 35-இல் 25 போக மீதி பத்து என்றதும் நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், கணக்கு சரிதான். ஆனால் எனக்கு ஒன்று. கை கால் எல்லாம் வாசலில் நின்றுவிட்டால், தீப்பெட்டி ஒட்டுகிற கை யாருடையது? அந்தக் கையில் நகம் பிளந்திருக்கிறதா இல்லையா என்று நான் பார்த்ததே இல்லை. இவ்வளவு வருடம் கனவில் இரண்டு கையாலும் வேலை செய்கிறேன், குனிந்து பார்த்ததில்லை.

பாதித்தூக்கம்

ஆன்ட்டி, பாருங்களேன்! நான் காலேஜ் படிக்கிறேன், லூசிட் ட்ரீம் முயற்சி செய்கிறவன். கனவுக்குள்ளேயே "இது கனவு" என்று தெரிந்துவிடுவதுதான் அது. கதை இல்லை. 1975-இல் இங்கிலாந்தில் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் அதற்குச் சாட்சி பிடித்தார். மேலே அண்ணன் சொன்ன மாதிரி ரெம்மில் உடம்பு கட்டுண்டு கிடக்கும், ஆனால் கண் தசை கட்டுப்படாது. அதனால் கனவு காண்கிறவர் கனவுக்குள் இருந்துகொண்டே, முன்பே பேசிவைத்தபடி கண்ணை இடதும் வலதுமாக ஆட்டினார், வெளியே இயந்திரத்தில் அது பதிவானது. கொஞ்ச வருடத்தில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் லபெர்ஜும் தனியாக இதையே செய்து காட்டினார்.

வழி சுலபம். பகலில் அடிக்கடி கையைப் பார்த்து "இது கனவா?" என்று நிஜமாகவே சந்தேகப்பட்டுக் கேளுங்கள். பழக்கம் கனவுக்குள்ளும் வரும். கனவில் கை சில நேரம் கோணல்மாணலாக இருக்கும், விரல் கூடக் குறைய இருக்கும். அதில் பிடித்துக்கொள்ளலாம். எனக்கு இதுவரை நாலு தடவை வந்திருக்கிறது. நாலிலும் சந்தோஷத்தில் உடனே விழித்துவிட்டேன். :)

ராத்திரி டெக்னீசியன்

தம்பி சொன்ன சோதனை உண்மை, தூக்கத் துறையில் எல்லாருக்கும் தெரிந்தது. ஒரு எச்சரிக்கை: இதற்காக நாலு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து மறுபடி படுக்கிற முறை ஒன்று உண்டு. அக்கா, அதை மட்டும் செய்யாதீர்கள். பகலில் ஊசிக்குப் பக்கத்தில் விரல் வைத்து வேலை செய்கிறவருக்குத் தூக்கம் குறையக்கூடாது.

ஓவர்லாக் அக்கா

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தம்பி பாதித்தூக்கம், முதலில் ஒன்று: அக்கா என்றே கூப்பிடு, ஆன்ட்டி வேண்டாம்.

அலாரம் எதுவும் வைக்கவில்லை. கையைப் பார்க்கிற பழக்கத்துக்கும் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை, மிஷினில் உட்கார்ந்தால் பத்து மணி நேரம் பார்ப்பது அந்தக் கையைத்தானே. "இது கனவா" என்று கேட்பதுதான் சேர்த்துக்கொண்டது. இரண்டு தடவை வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். சூப்பர்வைசர், "கனவுதான், எழுந்திரிச்சு பீஸைப் போடு" என்றார்.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் இல்லை. கனவு வந்தது, கையைப் பார்க்க ஞாபகம் வரவில்லை. போன வியாழக்கிழமை திண்ணை வந்தது. பசைச் சட்டி, அட்டைக் கட்டு, எதிரே அம்மா. நான் கையைப் பார்க்கவில்லை. அம்மா பார்த்தாள். என் இடது கையைப் பிடித்துத் திருப்பி, "என்னட்டி, நகம் ரெண்டா பொளந்து கெடக்கு?" என்றாள்.

"ஊசி ஏறிருச்சும்மா, கம்பெனியில" என்றேன்.

"பாத்து ஓட்டக்கூடாதா?" என்று சொல்லிவிட்டுப் பசையைக் கிண்டப் போய்விட்டாள்.

பாவாடை தாவணியில்தான் இருந்தேன். இடித்த வீடுதான். இது கனவு என்று எனக்குத் தெரியவே இல்லை, அதில் நான் பெயில். ஆனால் கம்பெனிக்குப் போனவளும் திண்ணையில் உட்கார்ந்திருப்பவளும் ஒரே ஆள் என்பதில் எனக்கும் இடைஞ்சல் இல்லை, அம்மாவுக்கும் இல்லை. கம்பெனி என்றால் என்ன, எந்த ஊர் என்று அவள் கேட்கக்கூட இல்லை. உயிரோடு இருந்தபோது திருப்பூருக்கு வந்து போனவள்தான், என் மிஷினைப் பார்த்து "சத்தம் தாங்கல" என்றவள்தான். அது அவளுக்கு ஞாபகம் இருந்ததோ என்னவோ.

பிள்ளைகளைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது அங்கே உறுத்தவும் இல்லை. ஏஜெண்ட் வருகிற நேரம் ஆகிவிட்டது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து எண்ணினோம். குரோஸுக்கு இரண்டு பெட்டி குறைந்தது. நான் சரியாகத்தான் ஒட்டினேன் என்கிறேன், நீ எப்போதும் இப்படித்தான் என்கிறாள் அம்மா. மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தோம், எழுபதோ எண்பதோ வந்திருக்கும், 5:40 அலாரம் அடித்துவிட்டது.